வானம் பார்த்த மட்டை

இடது கையின் ஆள்காட்டி விரல்மேல் ஓர் இரும்புத் தண்டு குறுக்காகப் படுத்திருந்தது. வலது கை அதைத் தொடாமல், விழுந்தால் பிடிக்கத் தோதாகப் பக்கத்திலேயே காத்திருந்தது. விரல் ஒரு நூலளவு முன்னே போனது, பின்னே வந்தது. தண்டு எந்தப் பக்கமும் சாயாமல் நின்ற இடத்தில் விரலும் நின்றது. அதுவரைக்கும் சரி. ஆனால் தண்டின் கோடியில் செருகியிருந்த எஃகுத் தலை சும்மா இருக்கவில்லை. மெல்லப் புரண்டு, தன் முனையைத் தரைக்குக் காட்டிக்கொண்டு தொங்கியது. வலது கை அதை நிமிர்த்திவிட்டது. திரும்பவும் புரண்டது. நிமிர்த்தியது. புரண்டது.

கைகள் ஒரு முடிவுக்கு வந்தன. தண்டை உருவிப் பெஞ்சின்மேல் வைத்தன. எஃகுத் தலையைச் செப்புத் தகட்டில் பொதிந்து, பெஞ்சில் பூட்டிய வைஸின் தாடைக்குள் வைத்து இறுக்கின. தண்டு நுழைகிற கழுத்தின்மேல் ஒரு குழாயை மாட்டி, சுளுக்கு எடுக்கிறவன் பதத்தில் மெதுவாக அழுத்தின. தண்டைச் செருகி மறுபடி விரல்மேல் போட்டுப் பார்த்தன. முனை இன்னும் கொஞ்சம் தொங்கியது. மறுபடி வைஸ், மறுபடி குழாய். கடைசியில் தலை புரளாமல் நின்றது. பந்தைத் தொடுகிற அதன் தட்டையான முகம், குளத்தில் மல்லாந்து மிதக்கிறவனைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. பிறகுதான் கைகள் பசையைக் குழைத்தன.

அந்தக் கைகள் கலியபெருமாளுடையவை. வைத்திக்குப்பத்தில், கடற்கரைக்கு இறங்குகிற சந்தின் கோடியில் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. படகு இன்ஜினின் விசிறி பாறையில் பட்டு மடங்கினாலும், கயிற்றில் சிக்கி இதழ் உடைந்தாலும் அவரிடம்தான் வரும். மீனவக் குடும்பத்தில் பிறந்தும் கடலுக்குப் போகாத மனிதர் அவர். போகாமல் என்ன, போனார். போன ஒவ்வொரு முறையும் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார். கூடப் போனவர்கள் ‘வாந்திப் பெருமாள்’ என்று பேர் வைத்தார்கள். மானம் தாங்காமல் ஊருக்கு மேற்கே மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் எடுபிடியாகப் போய் நின்றார். அங்கே யாரும் அவரை உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பார்த்தார், கெடுத்தார், கெடுத்ததைத் திருத்தினார். அதுதான் அவர் படிப்பு. இன்றைக்கு அந்தப் பழைய பேரை அவர் மனைவி செல்வாம்பாளைத் தவிர வேறு யாரும் சொல்வதில்லை. அவளும் கோபம் வந்தால்தான்.

விசிறியைச் சரிபார்க்க அவரே செய்துகொண்ட ஓர் ஏற்பாடு உண்டு. இரண்டு பழைய ரம்பத் தகடுகளை முதுகு மேலாகப் பக்கம் பக்கமாக நிறுத்தி, விசிறியை ஓர் அச்சில் கோத்து அவற்றின்மேல் உருட்டிவிடுவார். கனமான இதழ் தானாகக் கீழே வந்து நிற்கும். அதை அரத்தால் ராவுவார். மறுபடி உருட்டுவார். எந்த இதழும் கீழே வர ஆசைப்படாமல், விட்ட இடத்தில் விட்டபடி நிற்கிற வரைக்கும் ராவுவார். ஒரு பக்கம் தொங்குகிற விசிறி இன்ஜினை உதறும், அச்சைத் தின்னும், நடுக்கடலில் ஆளைக் கைவிடும். எனவே, தொங்குவது தப்பு. இதில் இரண்டாவது பேச்சே கிடையாது.

நாளாக ஆக இது விசிறியோடு நிற்கவில்லை. பட்டறைக்கு வருகிற சீலிங் ஃபேன் இறக்கை, தையல் மிஷின் சக்கரம் எல்லாவற்றையும் விரலிலோ ரம்பத்திலோ போட்டுப் பார்ப்பார். கேட்ட வேலையைச் செய்துவிட்டு, கேட்காத தொங்கலையும் எடுத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட விடுவார். இதை உடையவரிடம் சொல்வதும் இல்லை. சாப்பாடு போட்டவர் இலையைக் கழுவிப் போட்டேன் என்று சொல்லிக்கொண்டா இருப்பார்?

அப்படித்தான் தணிகாசலத்தின் மட்டைக்கும் நடந்தது.

தணிகாசலம் கருவடிக்குப்பத்தில் மாடி வீடு கட்டிக்கொண்டு இருப்பவர். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். இளவயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, அதை முடித்துக்கொண்டு, பிரான்சின் தென்கோடியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிற வேலையில் நெடுங்காலம் இருந்தார். வாரத்தில் ஒரு நாள் வேலைக்காரர்களும் ஆடிக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். அந்த ஒரு நாள் அவரைப் பிடித்துக்கொண்டது. ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியபோது மற்றவர்கள் கொண்டுவருகிற சாமான்களோடு ஒரு பை நிறைய மட்டைகளையும் கொண்டுவந்தார். ஆட இங்கே இடம் ஏது? மாடியில் பச்சைப் பாய் விரித்து, எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்து வைத்து, அதற்குள் பந்தைத் தள்ளிப் பழகுவார். பந்தைக் கடைசியில் குழிக்குள் தள்ளுகிற மட்டைக்குப் பட்டர் என்று பேர். தூரமாய் அடிப்பதற்குப் பலம் வேண்டும்; இதற்கு மனசு நிற்க வேண்டும் என்பார்.

அந்தப் பட்டரின் தலை ஆட ஆரம்பித்தபோது, ஊரில் எந்த விளையாட்டுச் சாமான் கடைக்காரரும் அதைக் கையில் வாங்கவில்லை. யாரோ கலியபெருமாளைக் கைகாட்டினார்கள். தலை ஆடுவதை நிறுத்திக் கொடுத்தார் கலியபெருமாள். தணிகாசலமும் பிரெஞ்சில் ‘மெர்சி’ என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலையில் தணிகாசலத்தின் ஸ்கூட்டர் சந்துக்குள் வந்தது. காலடியில் சுருட்டிய பச்சைப் பாய். தோளில் ஒன்றுக்கு மூன்றாகப் பட்டர்கள்.

“வாங்க முசியே. தல மறுபடி ஆடுதா?” என்றார் கலியபெருமாள். பிரான்சிலிருந்து வந்தவரைக் குப்பத்தில் ‘ஐயா’ என்பதற்கு ‘முசியே’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அது ஆடல கலியபெருமாளு. இதக் கொஞ்சம் பாரு.” தணிகாசலம் புது மட்டை ஒன்றை நீட்டினார். அதன் தலை மாட்டு லாடத்தைப் போல அகலமாய் இருந்தது. “நீட்டமா இருக்குது. ரெண்டு விரக்கட அறுத்துக் குடுத்துடு. பழசு எனக்கு இனிமே ஆவாது.”

“ஏன், இன்னா ஆச்சு அதுக்கு?”

“அதுக்கு ஒண்ணும் ஆவல. எனக்குத்தான். கை போயிடுச்சு.” தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார். “சர்க்கரை இருக்குதில்ல, அதுவா இருக்கும். நேராத்தான் தள்றேன், பந்து வலப்பக்கமா ஓடுது. போன மாசம் மெட்ராஸ்ல சம்பந்தியோட ஆடப் போனேன். எம் பொண்ணு மாமனாரு. பெரிய கம்பெனிக்காரரு. முழங்கைத் தூரத்துல பந்து கெடக்குது, கொழந்த கூடத் தள்ளிடும். ஒண்ணு கூட உள்ள போவல.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“சிரிச்சாரு. நல்ல மனுசன்தான், கெட்ட எண்ணம் கெடையாது. ‘இத்தினி வருசம் புல்லு வெட்டினவருக்குப் புல்லு தெரியலியே’ன்னாரு. சுத்தி நின்னவங்களும் சிரிச்சாங்க. எம் பொண்ணு சிரிக்கல. அதுதான் எனக்கு...” தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “இந்த ஞாயித்துக்கெழம மறுபடி கூப்ட்டிருக்காரு. பொண்ணும் வருவா. பட்டர மாத்திப் பாக்கலாம்னு இத வாங்கினேன். இதுவும் வலப்பக்கம்தான் போவுது. இன்னொண்ணு தெரிஞ்சவர்கிட்ட இரவல் வாங்கியாந்தேன். எத எடுத்துகினு போறதுன்னே தெரியல.”

கலியபெருமாளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்ற, வழக்கத்துக்கு மாறாக அந்த வார்த்தையை விட்டார்.

“பழச அவ்ளோ சீக்கிரம் கழிச்சுடாதீங்க முசியே. அதுல ஒரு கோளாறு இருந்துச்சு, நான்தான் எடுத்து வுட்டேன். மூக்கு ஒரு பக்கமாத் தொங்கிகினு கெடந்துச்சு. இப்ப பாருங்க.” விரலில் போட்டுக் காட்டினார். முகம் வானத்தைப் பார்த்தது. “நிக்குதா?”

தணிகாசலம் அதைப் பார்த்தார். கலியபெருமாளைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

“இத எப்ப பண்ணே?”

“தல ஒட்டும்போதுதான்.”

“நான் கேட்டனா?”

“கேக்கல.”

பட்டறை வாசலில் தன் விசிறிக்காகக் காத்திருந்த குப்பன் இந்த இடத்தில் கழுத்தை நீட்டினான். படகுக்காரன், யார் பேச்சானாலும் நுழைவான். “மாமா கேக்காமலே பண்ணுவாரு முசியே. என் சைக்கிளக் காத்தடிக்கக் குடுத்தேன், சக்கரத்த நேராக்கி வச்சிருந்தாரு.”

“அது தொங்கினா தப்பா?” என்று தணிகாசலம் மெதுவாகக் கேட்டார்.

“தொங்கினா தப்புதான.”

“எனக்கும் தெரியல. போன்ல ரெண்டு வீடியோ பாத்தேன். பிரெஞ்சுல ஒருத்தன், மொகம் வானத்தப் பாக்கணும்ங்கிறான். இங்கிலீஷ்ல ஒருத்தன், மூக்குத் தொங்கணும்ங்கிறான். கடசில ரெண்டு பேருமே ‘ஒங்க கைக்கு ஏத்தமாரி’ன்னு முடிச்சுட்டானுங்க. என் கைக்கு எதுன்னு எவனும் சொல்லல.”

“ரெண்டுல ஒருத்தன் பொய் சொல்றான்” என்றார் கலியபெருமாள். சொல்லிவிட்டு வைஸைத் திரும்பிப் பார்த்தார். இவர் சர்க்கரையைக் குற்றம் சொல்கிறாரே, அது என் குழாய்க்குப் போக வேண்டிய குற்றமாக இருந்தால்? ஒரு மனிதரை மகள் எதிரில் தலைகுனிய வைத்தது இந்த வைஸாக இருந்தால்?

“பாய எடுத்துகினு வாங்க” என்றார். “இங்கியே பாத்துடலாம்.”

பட்டறைக்குப் பின்னால், வீட்டை ஒட்டி இருந்த வலை பின்னுகிற கூடத்தின் சிமெண்டுத் தரையில் பாயை விரித்தார்கள். தணிகாசலம் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றார். வானம் பார்க்கிற பழைய மட்டையால் தள்ளினார். பந்து டம்ளருக்கு வலப்பக்கமாகப் போய்ச் சுவரில் முட்டியது. மறுபடி. மறுபடியும் வலப்பக்கம். லாட மட்டையை எடுத்தார். அதையும் கலியபெருமாள் விரலில் போட்டுப் பார்த்திருந்தார். அழகாக வானம் பார்த்தது. பந்து வலப்பக்கம் போனது. இரவல் மட்டை மட்டும் பாதி தொங்கியது, மூக்கு தரையையும் பார்க்காமல் வானத்தையும் பார்க்காமல். கலியபெருமாளுக்கு அதைக் கண்டாலே எரிச்சல். அதில் தள்ளிய பந்து டம்ளரின் விளிம்பில் பட்டு விலகியது. அடுத்தது உள்ளேயே போனது. அடுத்தது மறுபடி விளிம்பு.

மூன்றில் கெட்டது எதுவோ அதுதான் நன்றாகப் போகிறது. கலியபெருமாள் தலையைச் சொறிந்தார்.

“தர சாஞ்சிருக்கும்” என்றார். தண்ணீர் நிரப்பிய ரசமட்டக் குழாயைக் கொண்டுவந்து இரண்டு முனையிலும் பிடித்துப் பார்த்தார். தரை சாயவில்லை. “அப்ப பந்துதான். பந்துக்குள்ள ஒரு பக்கம் கனமா இருக்கும்.” வீட்டுக்குள் போய், செல்வாம்பாள் கருவாட்டுக்குக் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்தார். பந்துகளை அதில் போட்டார். நல்ல உப்பு, மிதந்தன. கனமான பக்கம் இருந்தால் அது கீழே போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு பந்தாக உருட்டிவிட்டார். உருட்டிய இடத்தில் உருட்டியபடி நின்றன. அவர் ஆயுளில் பார்த்ததிலேயே ஒழுங்கான சாமான் அந்தப் பந்துகள்தான்.

“மாமா, என் விசிறியும் வானம் பாக்கணுமா, தர பாக்கணுமா? முடிவு பண்ணிட்டியா?” என்றான் குப்பன்.

“நாளைக்கு வாடா.”

“நாளைக்கா? எல்லாம் முடிஞ்சுதுன்னியே?”

முடிந்துதான் இருந்தது. ரம்பத்தின்மேல் உருட்டிப் பார்த்து, சரி என்று வைத்த விசிறிதான். ஆனால் இப்போது அதைக் கொடுக்க மனசு வரவில்லை. இத்தனை காலம் விரல் சொன்னதை நம்பித்தான் ஆட்களைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு மட்டையில் விரல் பொய் சொல்லுமானால், விசிறியில் சொல்லாதா? இந்த யோசனை வந்ததும் அவர் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் செல்வாம்பாள் மார்க்கெட்டிலிருந்து காலிக் கூடையோடு வந்தாள். வந்தவள் கண்ணில் முதலில் பட்டது வாளி.

“யோவ்! ஒனக்கு என் உப்புத் தண்ணிதான் கெடச்சுதா? அதுல இன்னாய்யா முட்ட மிதக்குது?”

“முட்ட இல்ல. பந்து.”

“வாந்திப் பெருமாளுக்குப் பந்து வெளயாட்டு ஒண்ணுதான் கொறச்சல்.” தணிகாசலத்தைப் பார்த்ததும் குரலை ஓர் இழை தணித்தாள். “நீங்க ஆடுங்க முசியே. நான் இவரத்தான் சொன்னேன்.” கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, வெற்றிலையை எடுத்தாள். தணிகாசலம் கூச்சத்தோடு இன்னொரு பந்தைத் தள்ளினார். வலப்பக்கம். இன்னொன்று. வலப்பக்கம்.

“நேராத் தள்றேம்மா, போவ மாட்டேங்குது” என்றார் அவளிடமே.

“எங்க நேராத் தள்றீங்க?” செல்வாம்பாள் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். “கதவத் தொறந்து மூடறமாரி இல்ல பண்றீங்க. பின்னால போவும்போது தொறக்கறீங்க, முன்னால வரும்போது மூடறீங்க. மீன் அரியற கட்டையக் கையில குடுத்தாலும் நீங்க இப்டித்தான் வீசுவீங்க.”

கலியபெருமாள் தூணை விட்டு எழுந்தார். வெளியே போய்க் காய்ந்த மணலை ஒரு முறத்தில் அள்ளிவந்து, சிமெண்டுத் தரையில் மெல்லிசாகத் தூவினார். “பந்து வாணாம். இதும்மேல ஒரசறமாரி வெறும் மட்டைய ஆட்டுங்க முசியே. எப்பவும் ஆட்டறாப்பலியே.”

மட்டை போய்வந்த தடம் மணலில் விழுந்தது. அது நேர்கோடு இல்லை. தேய்பிறை நிலாவின் விளிம்பைப் போல வளைந்து கிடந்தது. மறுபடி தூவி, மறுபடி ஆட்டச் சொன்னார். அதே வளைவு, அதே இடத்தில்.

“இதுதான் கோளாறு!” என்றார் கலியபெருமாள். முகம் தெளிந்துவிட்டது. கோளாறு கிடைத்துவிட்டால் அவருக்கு உயிர் வந்துவிடும். இரண்டு ரீப்பர்க் கட்டைகளைக் கொண்டுவந்து, மட்டை நுழைகிற அளவு இடம்விட்டு நேராகத் தரையில் வைத்தார். “இதுக்குள்ளவே போய்ட்டு வரணும். கட்டையத் தொடக் கூடாது.”

தணிகாசலம் முயன்று பார்த்தார். மட்டை இந்தக் கட்டையில் இடித்தது, அந்தக் கட்டையில் இடித்தது. இடிக்காமல் போனபோது பந்தைத் தாண்டி வெறுங்காற்றில் போனது. முழங்கையைக் கலியபெருமாள் பிடித்து உடம்போடு ஒட்டவைத்தார். தோளைத் திருப்பினார். இடுப்பைத் தள்ளினார். வைஸில் கட்டாத குறை. தணிகாசலத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

“அலே, வுடு!” என்று பிரெஞ்சும் தமிழுமாகக் கத்திக் கையை உதறினார். “நான் விசிறி இல்ல கலியபெருமாளு. என்ன ராவிப்புடாத. என் கை பொறந்ததுலேருந்து அப்டித்தான் போவுது. இந்த வயசுல எங்க மாத்தறது?”

செல்வாம்பாள் சிரிப்பை அடக்க வெற்றிலையைக் கடித்தாள். கலியபெருமாள் கட்டைகளை ஓரமாகப் போட்டார். ஒன்றும் ஓடாமல், இரவல் மட்டையை எடுத்துக் கையில் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, தணிகாசலம் ஆட்டுவதைப் போலவே வளைத்து ஆட்டிப் பார்த்தார். பின்னால் போகும்போது அதன் மூக்கு தானாக விலகியது. முன்னால் வரும்போது தானாக மடங்கி வந்தது. யாரோ கூடவே பிடித்துத் திருப்புவதுபோல இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, தாம் நிமிர்த்திய பழைய மட்டையை எடுத்தார். அதே வளைவில் ஆட்டினார். அது திரும்ப மறுத்தது. திறந்த கதவு திறந்தபடியே, அடம்பிடிக்கிற மாடு மாதிரி வந்து நின்றது. திறந்த முகத்தோடு பந்தில் மோதினால் பந்து வலப்பக்கம் போகாமல் வேறெங்கே போகும்?

கண்ணைத் திறந்தார். புரிந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது. நேராகத் தள்ளுகிற ஒருவருக்கு வானம் பார்க்கிற மட்டை சரி. வளைத்துத் தள்ளுகிறவருக்குத் தொங்குகிற மட்டை சரி. அப்படியானால் எது சரி? விசிறிக்கு இந்தத் தொல்லை இல்லை. எவன் படகில் மாட்டினாலும் அதற்கு ஒரே நியாயம். ஆளைப் பார்த்து நியாயம் மாறுகிற இரும்பை அவர் இதுவரை கண்டதில்லை.

“முசியே,” என்றார். “பழைய மட்டைய எங்கிட்ட வுட்டுட்டுப் போங்க. நான் கெடுத்தத நான்தான் எடுக்கணும்.”

“இரவல் மட்டையவே எடுத்துகினு போனா இன்னா?”

“அது பாதிதான் தொங்குது. ஒங்க வளைவு பெருசு. அதான் விளிம்புல விளிம்புல படுது. பழசு முழுக்கத் தொங்கிகினு இருந்துச்சு, அதுதான் ஒங்களுக்கு ஒத்துப்போச்சு.” மட்டையின் கழுத்தை விரலால் தடவினார். “ஆனா ஒண்ணு. எவ்ளோ தொங்குச்சுன்னு நான் அளந்து வைக்கல. தப்ப யாரு அளந்து வைப்பா? இன்னொண்ணு, ஒருவாட்டி வளைச்ச கழுத்து அது. திருப்பி வளைச்சா ஒடஞ்சாலும் ஒடயும்.”

“ஒடஞ்சா?”

“ஒடஞ்சா இரவல்தான்.”

தணிகாசலம் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார். “செய்யி” என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கலியபெருமாள் அதைத் தொடவில்லை. பெஞ்சின்மேல் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தார். குப்பனின் விசிறியை எடுத்து மறுபடி ரம்பத்தின்மேல் உருட்டினார். அது விட்ட இடத்தில் நின்றது. அப்படியும் திருப்தி இல்லாமல் குப்பனின் படகிலேயே மாட்டச் சொல்லி, கரையில் நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். உதறல் இல்லை. “இன்னா மாமா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று குப்பன் கேட்கக் கேட்கத் திரும்பி நடந்தார்.

சனிக்கிழமை காலை தணிகாசலம் வந்து உட்கார்ந்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார். முதலில் பசையை இளக்கித் தண்டை உருவினார். தலையை ஈரத் துணியில் சுற்றி, கழுத்து மட்டும் வெளியே தெரிய வைஸில் பிடித்தார். கேஸ் தீயைச் சின்னதாக வைத்துக் கழுத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். பளபளப்பு மங்கியது, மஞ்சளானது, ஊதாவானது, பிறகு மங்கலாகச் சிவந்தது. குழாயை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். ஏதோ ‘டிக்’ என்றது.

தணிகாசலம் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

கலியபெருமாள் தீயை அணைத்து, ஆறும்வரை காத்திருந்து, பூதக்கண்ணாடியை வைத்துக் கழுத்தை ஒரு சுற்று பார்த்தார். விரிசல் இல்லை. சத்தம் வைஸின் தாடையிலிருந்து வந்தது. “ஒக்காருங்க” என்றார்.

தண்டை நூல் சுற்றித் தற்காலிகமாகச் செருகி, விரலில் போடாமல் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார். இந்தத் தடவை விரலைக் கேட்கிறதில்லை என்று முடிவு செய்திருந்தார். கூடத்தில் பாய் விரித்தபடியே இருந்தது. முதல் பந்து வலப்பக்கம் போனது, ஆனால் முன்போல இல்லை. மறுபடி வைஸ், தீ, குழாய். இரண்டாவது தடவை விளிம்பில் பட்டது. மறுபடி. அதற்கடுத்த முறை பந்து டம்ளருக்கு இடப்பக்கமாகப் போனது.

“வுட்டுட்டியே!” என்றாள் வாசற்படியில் நின்ற செல்வாம்பாள்.

“ஜாஸ்தியாயிடுச்சு.” ஓர் இம்மியளவு திருப்பினார். கொண்டுவந்தார். பந்து உள்ளே போனது. டம்ளர் தரையில் நகர்ந்து கிணுகிணுத்தது. இன்னொன்று, உள்ளே. இன்னொன்று விளிம்பில் தயங்கிவிட்டு உள்ளே. அடுத்தது வெளியே போனது. அது என் தப்பு என்று தணிகாசலமே சொல்லி மறுபடி வைத்தார். உள்ளே போனது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். சர்க்கரையைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவில்லை.

“கை இன்னா சொல்லுது?” என்று கலியபெருமாள் கேட்டார்.

“கை ஒண்ணும் சொல்லல. அது பாட்டுக்குப் போவுது.”

மதியம் பசை போட்டு, கயிற்றால் கட்டி நிழலில் நிறுத்தினார். சாயங்காலம் எடுத்து, கழுத்தில் ஏறியிருந்த ஊதாக் கறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். முழுக்கப் போகவில்லை. தொங்குகிற மூக்கைப் பார்க்காமல் இருக்கத் தண்டையே பார்த்துக்கொண்டு துடைத்தார். தெரிந்தே கோணலாக ஒரு சாமானை வெளியே விடுவது இதுதான் முதல் முறை. எப்படி இதைக் கொடுப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

“முசியே, ஒரு வார்த்த. மெட்ராஸ்ல யாராவது கழுத்து ஏன் இப்டிக் கறுத்துக் கெடக்குதுன்னு கேட்டா, வைத்திக்குப்பத்துல பண்ணதுன்னு சொல்லாதீங்க.”

“ஏன் சொல்லக் கூடாது? சொல்லுவேன். சம்பந்திகிட்டதான் மொதல்ல சொல்லுவேன்.”

கலியபெருமாளுக்கு அதில் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று விளங்கவில்லை. “பந்து உள்ள போனா சொல்லுங்க” என்றார். பிறகு பிடி தணிகாசலத்தின் பக்கமாக இருக்கும்படி மட்டையைத் திருப்பி, இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார்.